பத்து நாள் துவைக்காத துணி

முதல் கறையை நான் துவைத்துவிட்டேன். இரண்டாவதையும் துவைத்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ வரைக்கும் ஒரு வார்த்தை கேட்காமல் துவைத்துக்கொண்டே இருந்தேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மற்றதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தின் ஓரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். நான் வேலை பார்க்கும் ஆரம்பப் பள்ளி நாலு வீடு தள்ளி. கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்துக்குக் கட்டடங்கள் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கின்றன. இது நடந்தபோது என் மகளுக்கு இருபத்து மூன்று வயது. அங்கே ஒரு ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் டைப் அடிக்கும் வேலை. காலை ஏழரை பஸ்ஸில் போனால் மாலை ஆறுக்குத் திரும்புவாள். என் கணவர் ரோடு போடும் ஆட்களுக்கு மேஸ்திரி. செய்யூர்ப் பக்கம் வேலை என்பதால் சனிக்கிழமை மட்டும் வருவார். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் நான், இரண்டாவது அவள். அந்தப் பெருமையோடு கூடவே ஒரு பயமும் எனக்கு எப்போதும் உண்டு. கிடைத்ததை யாரோ வந்து திருப்பிக் கேட்பார்கள் என்பது போன்ற பயம்.

ரவிக்கைக்குள் அவள் போடும் பாடிகள் எல்லாம் வெள்ளை. நானே தைத்தவை. இடது பக்கத்தின் உள்ளே, ஒரு துவரம்பருப்பு அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை இருந்தது. ஊக்கு குத்தியிருக்கும் என்று நினைத்தேன். ரத்தம் பட்ட துணி எங்கள் வீடுகளில் வெயிலைப் பார்க்காது. எவர் கண்ணிலும் படுவதற்கு முன் பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டு, கொடியில் ஒரு சேலைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவோம். கை தானாகவே அதைச் செய்துவிடும். நான்காம் வகுப்புக்குச் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள் நான். என் கையும் அப்படித்தான் செய்தது. மறுபடி அதே இடத்தில் கறை வந்தபோது, இன்னொரு ஊக்கு என்று நினைத்தேன். மூன்றாம் முறை நினைப்பதை நிறுத்திவிட்டு நீலம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன்.

ஒரு விடுமுறை நாளில்தான் கேட்டேன். அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, உன் பாடியில இது இன்னா கறை?"

அவள் சீப்பை நிறுத்தவில்லை. "நீதான தொவைக்கிற. பாத்திருப்பன்னு நெனச்சேன்."

"பாத்தேன்."

"ஒண்ணுமே கேக்கல நீ. சரி, இதெல்லாம் பொம்பளைங்களுக்கு வர்றதுதான் போல, அம்மாக்குத் தெரிஞ்ச சமாச்சாரமா கீதுன்னு வுட்டுட்டேன்."

நான் பேசாமல் இருந்ததை அவள் பதிலாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றரை மாதமாக நான் கறையைத் துவைக்கத் துவைக்க, அவள் பயமில்லாமல் வேலைக்குப் போய்வந்திருக்கிறாள்.

வலி இல்லை, கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுத்திப் பார்த்தேன். காம்பின் நுனியில் ஒரே ஒரு துளி எழும்பியது. நாவல்பழச் சாறு மாதிரி கறுத்த சிவப்பு.

குப்பத்தில் அதற்கு முந்தைய வருஷம் ஒரு பெண் மார்பில் புத்துநோய் வந்து இறந்திருந்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள். கடைசி மாதத்தில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அந்த வீட்டில் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். அதையும் மீறி வந்த வாடை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தத் துளியைப் பார்த்ததும் முதலில் வந்தது அந்த வாடைதான். புத்துநோய் என்றால் மகள் போய்விடுவாள். போகாவிட்டாலும் மாரை எடுத்துவிடுவார்கள். கேளம்பாக்கத்தில் உப்பளத்து குமாஸ்தா ஒருவரின் வீட்டிலிருந்து வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அது எத்தனையாவது கவலையாக வந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை என் கணவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே சைக்கிளின் சங்கிலியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"ஆஸ்பத்திரிக்கு நான் வரட்டுமா?"

"வேணாம். பொம்பள சமாச்சாரம்."

"எனக்கும் பொண்ணுதான அது," என்றார். அவ்வளவுதான். திங்கட்கிழமை செய்யூருக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க தினமும் காலையில் அவளைக் கூப்பிட்டு அழுத்திப் பார்த்தேன். வந்தால் துடைத்தேன். வராவிட்டால் வரும்வரைக்கும் அழுத்தினேன். நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஆசை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட நாளில் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, மிச்சம் மீதி இல்லாமல் பிழிந்து துடைத்து, சலவை பாடி ஒன்றைப் போட்டு அழைத்துப்போனேன். பெரிய டாக்டர் முன்னால் நிற்கும்போது அசிங்கமாக இருக்கக் கூடாது என்று.

மாமல்லபுரத்தில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தும் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. பதினொரு மணிக்கு மேல்தான் எங்கள் சீட்டைக் கூப்பிட்டார்கள். திரைக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒரு அறுவைசிகிச்சை டாக்டர், பக்கத்தில் பருத்த ஒரு நர்ஸம்மா.

"ரவிக்கைய அவுரும்மா. வெக்கத்த வெளிய இருக்கற பெஞ்சுல வெச்சிட்டு வா, போறப்ப எடுத்துக்கலாம்," என்றார் நர்ஸம்மா. என் மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் ஒரே விரலின் நுனியால் காம்பைச் சுற்றி ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டு வந்தார். மணிக்கூண்டின் முள் மாதிரி ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று. ஒரு துளியும் வரவில்லை.

"எங்கம்மா ரத்தம்?"

"நேத்து வந்துது சார். தினம் வருது. காலையில சுத்தமா எடுத்துட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன்."

"எடுத்துட்டா?"

"அழுத்தி... தொடச்சிட்டு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கறை பட்ட துணியாவது இருக்கா?"

"துவைச்சிட்டேன் சார்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"டீச்சர்."

"பையன் சிலேட்டை நல்லா அழிச்சிட்டு வந்து, கணக்கு போட்டேன் டீச்சர்னு காட்டினா மார்க் போடுவீங்களா?"

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் அதற்கு மேல் திட்டவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பால் வரும் குழாய்கள் ஒரு மாரில் பத்துப் பதினைந்துக்கு மேல் இருக்கின்றன, எல்லாம் காம்பில் வந்து சேர்கின்றன. ஒரே ஒரு குழாயிலிருந்து ரத்தம் வருகிறதா, பல குழாய்களிலிருந்து வருகிறதா, எந்த இடத்தை அழுத்தினால் வருகிறது என்று தெரிந்தால்தான் எங்கே கத்தி வைப்பது என்று தெரியும். குழாய் காலியாக இருந்தால் அவருக்கும் வழி இல்லை. இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார்.

"பத்து நாளைக்கு யாரும் அதைத் தொடக் கூடாது. அழுத்தக் கூடாது. வெள்ளைத் துணி போடட்டும். கறை பட்டதை அப்படியே கழட்டி, தேதி எழுதி எடுத்து வைங்க. துவைக்கக் கூடாது. புரிஞ்சுதா டீச்சர்?"

"புரிஞ்சுது சார்."

"உங்களுக்கு இது கஷ்டம்தான்," என்றார்.

கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு பிஸ்கட் டின்னைக் காலி செய்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அவள் வேலையிலிருந்து வந்ததும் கழற்றுவாள். கறை இருந்தால் துணியின் ஓரத்தில் அழியாத காப்பியிங் பென்சிலால் தேதி எழுதி டின்னில் போடுவாள். நான் பள்ளியில் கரும்பலகையைத் துடைக்கும்போது டின் ஞாபகம் வரும். வீட்டில் அரிசி களையும்போதும் அதே ஞாபகம்தான். ரத்தக் கறையோடு ஒரு துணி என் வீட்டுக்குள், என் தலைக்கு மேலே மடித்து இருக்கிறது என்பதை என் கைகளால் தாங்க முடியவில்லை. ஒருநாள் டின்னை இறக்கித் திறந்து, ஒன்றை எடுத்து வாளி வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா. டாக்டர் மார்க் போட மாட்டாரு."

திரும்பக் கொண்டுவந்து வைத்தேன்.

கிணற்றடியில் பக்கத்து வீட்டுக் கருவாட்டுக்கார அம்மாதான் முதலில் கவனித்தார். அந்தக் கிணற்றில் யார் என்ன துவைத்தாலும் அவர் கணக்கில் இருக்கும். "இன்னா டீச்சரம்மா, பொண்ணு துணி கொறைஞ்சி போச்சி? தொவைக்கறதுக்கு ஆளு வெச்சிட்டியா?" என்றார். "அவளே துவைச்சிக்கறா" என்று பொய் சொன்னேன். "நல்லதுதான். எங்க வூட்ல கீதே ஒண்ணு, சட்டிகூட கய்வாது," என்று போய்விட்டார். இன்னொருத்தி கல்பாக்கத்துக்குப் போகிற பெண்களுக்கெல்லாம் உடம்பு கெடுகிறது, அணு காற்றுப் பட்டால் அப்படித்தான் என்றாள். அங்கே அப்போது சுவர்தான் எழும்பிக்கொண்டிருந்தது. சிமெண்டுத் தூசியைத் தவிர அங்கே வேறு காற்று கிடையாது. ஆனாலும் அன்று இரண்டு மணி நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் டின்னோடு செங்கல்பட்டு. டாக்டர் துணிகளை மேஜையில் வரிசையாக விரித்தார். நாலு துணி, நாலிலும் ஒரே இடத்தில் கறை. "இதுதாம்மா வேணும்," என்றார். பிறகு விரல் நுனியால் சுற்ற ஆரம்பித்தார். மேலே, வெளிப்பக்கம், கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடம். ஒரு துளி எழும்பி நின்றது.

"வந்துடுச்சு!" என்று நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன். என் பெண்ணின் மாரில் ரத்தம் வந்ததற்கு நான் சந்தோஷப்பட்ட நாள் அது. நர்ஸம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

துளியைக் கண்ணாடித் தகட்டில் தொட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதில் கெட்டது ஏதும் தெரியவில்லை என்று வந்தது. "தெரியலங்கறதால இல்லன்னு ஆயிடாது," என்றார். அவருடைய ஊகம், குழாய்க்குள்ளே மரு மாதிரி ஒரு சின்ன வளர்ச்சி. பாப்பிலோமா என்றார். பெரும்பாலும் சாதுவானது. ஆனால் அதே உருவத்தில் புத்துநோயும் வளரும். வெளியிலிருந்து எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எடுத்து, பதப்படுத்தி, மெல்லியதாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும்.

"மாரை எடுக்கணுமா சார்?" கேட்டது என் மகள்.

"அந்தக் குழாயை மட்டும் எடுக்கறேன். கறுப்பு வட்டத்தோட ஓரத்துல சின்னதா வெட்டு, ஆறினா தெரியாது. சில பேர் பயத்துல ஒரேயடியா எடுத்துடுவாங்க. இந்த மாதிரி வளர்ச்சியில அவசரப்பட்டா தப்பாயிடும். ரிப்போர்ட் வரட்டும். மாருக்கு ஒண்ணும் ஆகாது. இப்போதைக்கு."

வீடு வரும்வரைக்கும் பஸ்ஸில் அந்த 'இப்போதைக்கு' என்னோடு உட்கார்ந்து வந்தது.

அறுவைசிகிச்சை ஒரு வியாழக்கிழமை. என் கணவர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார், நான் சொல்லாமலே. ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நர்ஸம்மா வந்து என் கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொடுத்து, பரிசோதனைக் கட்டடத்தில் கொடுத்து நம்பர் வாங்கிவரச் சொன்னார். அங்கே நோயாளியின் வீட்டார்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மருந்துத் தண்ணீருக்குள் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வெளிறிய சதை. எந்த முனை காம்பின் பக்கம் என்று தெரிவதற்கு அதில் ஒரு கறுப்பு நூல் கட்டியிருந்தது. என் கணவரும் நானும் மைதானத்தைக் கடந்து நடந்தோம். "நான் புடிக்கவா?" என்றார். கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தார் வாளியைத் தூக்கி வருகிற ஆள் மாதிரி காலை அகட்டி மெதுவாக நடந்தார்.

எட்டு நாள் கழித்துப் போனேன். பரிசோதனை டாக்டர் ஒரு இளம்பெண். என் மகளைவிட ஏழெட்டு வயது பெரியவளாக இருக்கலாம். உட்காரச் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது, நேரான பதில் இல்லை என்று.

"பாப்பிலோமாதாம்மா. தொண்ணூறு பங்கு எனக்கு அப்படித்தான் தெரியுது. ஒரே ஒரு இடத்துல செல்லுங்க நெருக்கமா இருக்கு. நான் தப்பா எழுதினா உங்க பொண்ணுக்கு மார் போயிடும், இல்லன்னா இருக்கக் கூடாதது இருந்துடும். மெட்ராஸ்ல பெரியவர் ஒருத்தர் இருக்காரு. அவர் பாத்துச் சொல்லட்டும். ஸ்லைடுங்களை நீங்களே எடுத்துட்டுப் போறீங்களா? தபால்ல போனா உடைஞ்சிடும்."

பள்ளியில் தலைமையாசிரியர் லீவுச் சீட்டைப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஸ்கூலையும் ஆஸ்பத்திரிக்கே மாத்திடலாமா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. என்ன விஷயம் என்று அவருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெட்ராஸ் பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். மடியில் பஞ்சு வைத்துக் கட்டிய மரப்பெட்டி, உள்ளே எட்டுக் கண்ணாடித் தகடுகள். கருவாட்டுக்கார அம்மா கூடையை மேலே ஏற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெட்ராஸில் அவருக்கு வாடிக்கைக் கடைகள் உண்டு.

"மடில இன்னா டீச்சரம்மா, பச்சப்புள்ள கணக்கா புட்சினுகீற?"

"கண்ணாடி சாமான்."

"வளையலா?"

"ஆமாம்."

கோவளம் தாண்டியது. பிறகு கேட்டார். "பொண்ணுக்கு இன்னா சொன்னாங்க ஆஸ்பத்திரில?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"எங்கிட்ட மறைக்கறியே. கெணத்தாண்ட ரத்தம் அலசற தண்ணி எந்தத் தண்ணின்னு எனக்குத் தெரியாதா? மாசத்துல அஞ்சு வாட்டி எவளுக்கு வருது? அதுவும் நீ மேல்துணியத்தான் அலசிகினு இருந்த. நான் அப்பவே கேட்டிருக்கணும். படிச்ச பொம்பள, தெரியாமயா கீதுன்னு கம்னு இருந்துட்டேன்."

இரண்டாவது ஆள். என் மகள் நினைத்ததையேதான் இவரும் நினைத்திருக்கிறார். நான் படித்தவள் என்பதால் என் வீட்டில் ஒரு கறையைப் பார்த்தும் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"புத்தான்னு பாக்கத்தான் போறேன்," என்றேன். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் பெட்டியின் மறுமுனையைத் தன் மடியில் ஏற்றி வைத்துக்கொண்டார். அடையாறு வரைக்கும் இரண்டு பேர் மடியிலும் குறுக்கே கிடந்தது அது. இறங்கும்போது, "பெட்டில கருவாட்டு நாத்தம் ஏறிச்சின்னா டாக்டரு கோச்சிக்கப் போறாரு," என்று முந்தானையால் ஒரு தடவை துடைத்துக் கொடுத்தார்.

அந்தப் பெரியவருக்கு எழுபதை ஒட்டிய வயது. காது கொஞ்சம் மந்தம். தகடுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவருடைய கை எந்தத் தகட்டில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது தகட்டை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை. அப்போது எனக்குப் பயம்கூட இல்லை. எதுவாக இருந்தாலும் சொல்லிவிடட்டும், எங்காவது படுத்தால் போதும் என்றிருந்தது. அப்படி நினைத்ததற்காகப் பிறகு பல நாள் என்னையே திட்டிக்கொண்டேன்.

"இங்க வந்து பாருங்கம்மா."

குனிந்து பார்த்தேன். இளஞ்சிவப்பாக ஒரு மங்கல், அதன் குறுக்கே என் இமைமயிர். வேறு எதுவும் தெரியவில்லை. தெரிகிறது என்று தலையாட்டினேன்.

"பொய்," என்றார் அவர், சிரித்துக்கொண்டே. ஒரு காகிதத்தில் பென்சிலால் வரைந்தார். ஒரு தண்டு, தண்டிலிருந்து கிளைகள், கிளைகளைச் சுற்றி இரண்டு வரிசைப் புள்ளிகள். "இது குழாய்க்குள்ள முளைச்ச செடி மாதிரி. கிளைக்கு நடுவுல ரத்தம் ஓடற தண்டு. அதுக்கு மேல ரெண்டு வரிசை செல்லு. கெட்டதா இருந்தா அடியில இருக்கற வரிசை காணாமப் போயிடும். இங்க எல்லா இடத்துலயும் இருக்கு. அந்தப் பொண்ணு சந்தேகப்பட்ட இடத்துலயும் இருக்கு. நெருக்கமா இருக்கு, ஆனா இருக்கு. அவ அனுப்பினது சரிதான்."

"அப்ப புத்து இல்லையா சார்?"

"இல்ல."

"இல்லையா சார்?"

"எனக்குத்தாம்மா காது கேக்காது," என்றார். "இல்ல. எடுத்தாச்சு, முடிஞ்சுது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டுங்க. வேற குழாய்ல திரும்ப வரலாம், வராமலும் போலாம். தினம் அழுத்திப் பாக்காதீங்க."

எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதிக் கொடுத்தார். அந்தப் படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள். இடது கையைத் தூக்காமல் வலது கையால் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். "இல்லையாம்," என்றேன். நின்றுகொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்ததும் அவள்தான் எழுந்தாள். "அப்ப திங்கக்கெழம வேலைக்குப் போலாம் இல்ல?" என்று கேட்டாள்.

மறுநாள் டின்னிலிருந்த நாலையும் துவைத்தேன். எத்தனை தேய்த்தும் கறை போகவில்லை. நாள்பட்ட ரத்தம் துணியில் ஊறிவிடும். விளக்குக் கண்ணாடி துடைக்க எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவள் டின்னோடு வாங்கிக்கொண்டாள்.

"இனிமே என் துணிய நானே தொவைச்சிக்கறேன்."

"ஏன்?"

"நீ தொவைச்சா எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

கேளம்பாக்கத்து வரன் அந்த இழுபறியில் வேறு இடத்துக்குப் போய்விட்டது. அவளுக்கு வருத்தமில்லை. எனக்கு இருந்தது, இப்போது அது ஒரு வருத்தமாகவே தெரியவில்லை. இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செங்கல்பட்டு போய்வருகிறோம். நர்ஸம்மா இன்னும் அதே பேச்சைத்தான் பேசுகிறார். ஒவ்வொரு முறையும் திரைக்குப் பின்னால் அந்த விரல் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும்வரைக்கும் துளி வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிய காகிதம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஆனால் என் பயத்துக்கு வாசிக்கத் தெரியவில்லை.

அறுவைசிகிச்சை முடிந்த முதல் சில வாரம் அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் நான் அவளுடைய அழுக்குத் துணியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பிடிபட்டேன். அவள் சண்டை போடவில்லை. மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போகுமுன் முந்தின நாள் போட்டிருந்த பாடியைச் சோப்புப் போடாமல் அலசிக் கொண்டுவந்து, கொடியில் எந்தச் சேலைக்கும் அடியில் ஒளிக்காமல், உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, நான் சோறு வடிக்கிற ஜன்னலுக்கு நேராகக் காயப்போட்டாள். தெரு முழுக்கப் பார்க்கலாம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எடுத்து உள்ளே போடலாம் என்று எழுந்தேன்.

கிணற்றடியிலிருந்து கருவாட்டுக்கார அம்மா கத்தினார். "இன்னா டீச்சரம்மா, பொண்ணு கொடி ஏத்திட்டுப் போறா! சுதந்தர தினமா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். கஞ்சி வடிந்து முடியும்வரைக்கும் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையாக இருந்தது. அன்றிலிருந்து தினமும் அதே இடத்தில்தான் போடுகிறாள். நானும் தினமும் பார்க்கிறேன்.